லீக்கி கட், ஃபங்ஷனல் மெடிசின்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

டாலஸ்வாசி

ரொம்ப நாளாக மனசில் கிடப்பதை இன்று எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள், நல்லதோ கெட்டதோ.

எனக்கு 2019-ல் ஆரம்பித்தது. சாப்பிட்டு அரைமணி ஆவதற்குள் வயிறு மத்தளமாக உப்பிவிடும். வேலைக்குக் கிளம்புவதற்குள் மூன்று நான்கு தடவை பாத்ரூம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். சீப்பு வைத்தால் முடி கொத்தாக வரும். குடும்ப மருத்துவர் பத்து நிமிஷம் பார்ப்பார். "சின்னப் பிள்ளைங்க, வேலை, டென்ஷன். ஐபிஎஸ்தான், குடல் எரிச்சல்" என்பார். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் அதே பதில்.

அப்புறம் ஒரு ஃபங்ஷனல் மெடிசின் கிளினிக்குக்குப் போனேன். நோயின் மூல காரணத்தைத் தேடிச் சரிசெய்வதாகச் சொல்கிற முறை அது. முதல் சந்திப்பே ஒன்றரை மணி நேரம். சுகப்பிரசவத்தில் பிறந்தீர்களா, ஆபரேஷனா? சின்ன வயசில் எத்தனை தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்கள்? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்? அப்பா தவறியது எந்த வருஷம்? கேட்டுக்கொண்டே வந்தார்கள், பாதியில் நான் அழுதுவிட்டேன். என் உடம்பைப் பற்றி அதற்கு முன் யாரும் அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. இதை மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதினால் அது நியாயமில்லை.

கண்ணை மூடிக்கொண்டும் போகவில்லை. தேடிப் படித்தேன். 1991-ல் ஜெஃப்ரி பிளாண்ட் என்ற உயிர்வேதியியலாளர் தொடங்கிய நிறுவனம் வளர்த்தெடுத்த முறை இது. 2014-ல் கிளீவ்லண்ட் கிளினிக் இதற்கென்று தனி மையமே திறந்தது. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியே திறந்திருக்கும்போது நமக்கென்ன சந்தேகம் என்று நினைத்தேன். அதே 2014-ல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சங்கம் இந்தப் பயிற்சிகளுக்கு மருத்துவர்களின் தொடர்கல்வி கிரெடிட் தருவதை நிறுத்தியதும், 2018-ல் அறிமுக வகுப்புகளுக்கு மட்டும் மறுபடி அனுமதித்ததும் ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

இரண்டாவது சந்திப்பில் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார்கள். குடலின் உள்சுவர் ஒரே ஒரு செல் கனம்தான். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பூட்டு மாதிரி ஓர் இணைப்பு. பூட்டு தளர்ந்தால் குடலுக்குள் இருக்க வேண்டியது ரத்தத்தில் கசியும். அதுதான் லீக்கி கட், குடல் கசிவு. வயிறு, மூட்டுவலி, முடி, அசதி எல்லாமே அதிலிருந்துதான் என்றார்கள். அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தேன். அத்தனைக்கும் ஒரே காரணம் கிடைத்தது எவ்வளவு நிம்மதி தெரியுமா?

ரத்தப் பரிசோதனையில் தொண்ணூறுக்கு மேல் உணவுகள். கோதுமை, பால், முட்டை, உளுந்து, தேங்காய், மஞ்சள் எல்லாம் சிவப்பு. சிவப்பு என்றால் ஆகாது. நான் தினமும் சாப்பிடுகிற எல்லாமே சிவப்பு. ஏழு பாட்டில் சப்ளிமெண்ட் எழுதித் தந்தார்கள். இன்ஷூரன்ஸ் கிடையாது. எட்டு மாதத்தில் நாலாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது.

கோதுமையை நிறுத்தினேன். இரண்டே வாரத்தில் உப்புசம் பாதியாகக் குறைந்தது. முழுசாக நம்பிவிட்டேன். ஆனால் மூச்சு வாங்குவது மட்டும் குறையவே இல்லை. பதினாலாவது மாதம் ஆபீசில் மயங்கி விழுந்தேன். ஹீமோகுளோபின் 7.8, கடுமையான ரத்தசோகை.

குடல் சிறப்பு மருத்துவர் முதலில் கேட்டது: "கோதுமை சாப்பிடுகிறீர்களா?" நிறுத்தி வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று பெருமையாகச் சொன்னேன். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சீலியாக் என்பது கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதத்தால் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்குகிற நோய். அதற்கான ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டு இருந்தால்தான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். என் ரிசல்ட்டும் அப்படித்தான் வந்தது. மரபணுச் சோதனையில் அதற்கான கூறு இருப்பது தெரிந்தபின், ஆறு வாரம் தினமும் இரண்டு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். அந்த ஆறு வாரத்தை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. எண்டோஸ்கோபியில் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து துணுக்குகள் எடுத்துப் பார்த்தார்கள். விரல் விரலாக நிமிர்ந்து நிற்க வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தன. இரும்புச்சத்தை உறிஞ்சுகிற இடமே அதுதான்.

சீலியாக். வட இந்தியாவில் அதிகம், நம் பக்கம் ரொம்ப அரிது. அதனால் யாருக்கும் தோன்றவில்லை.

இந்த நோயில் குடல் நிஜமாகவே கசியும். கிளினிக்கில் வரைந்த படம் பொய்யில்லை. எதனால் கசிகிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்காமல், கசிவையே நோய் என்று வைத்துக்கொண்டு மருந்து தந்துவிட்டார்கள். என் ஆதங்கம் அதுதான்.

இன்னொன்று. கோதுமையை விட்டுவிட்டேன் என்று நான் நம்பிய அந்தப் பதினாலு மாதமும் என் வீட்டு சாம்பாரில் கோதுமை இருந்தது. கடைகளில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டயட்டீஷியன் அஞ்சறைப்பெட்டிச் சாமான்களை எல்லாம் எடுத்துவரச் சொன்னார். பெருங்காய டப்பாவைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தில் விரலை வைத்துக் காட்டினார். பிள்ளைகளுக்குச் செய்யும் ஃப்ரைடு ரைஸில் ஊற்றுகிற சோயா சாஸிலும் கோதுமைதான். ஏழு பாட்டில் எழுதிக்கொடுத்தவர்கள் ஒரு தடவைகூட என் சமையலறையைப் பற்றிக் கேட்கவில்லை.

கோவைப்பையன்

அக்கா, படிச்சுட்டு மனசு கனத்துப் போச்சுங்க. எங்க அப்பாவுக்கு நடந்ததையும் சொல்றேன்.

அப்பாவுக்கு 61 வயசு. மலச்சிக்கல், வாயு. நான்தான் இன்ஸ்டாகிராம்ல ஒரு கட் ஹெல்த் கோச்சப் பார்த்து சேர்த்துவிட்டேன். அவர் டாக்டர் இல்லீங்க, அது எனக்கு அப்பவே தெரியும். வீடியோ கால்லயே லீக்கி கட்னு சொல்லிட்டார். ஒரு சோதனையும் எடுக்கல. குடல் சுவர ரிப்பேர் பண்ணணும்னு பைப்பரின்கற மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் (மஞ்சள்ல இருந்து எடுக்கறது) கேப்ஸ்யூல், அஸ்வகந்தா, இன்னும் மூணு பவுடர். எல்லாமே நம்ம ஊரு மூலிகைதானே, என்ன பண்ணிடப் போகுதுன்னு அப்பாவும் விடாம சாப்பிட்டார்.

ஏழாவது வாரம் உடம்பெல்லாம் அரிப்பு. ஒண்ணுக்குப் போனா கட்டன் டீ மாதிரி. அம்மாதான் கண்ணு மஞ்சளா இருக்குன்னு பார்த்துச் சொன்னாங்க. கல்லீரல் டாக்டர், வீட்ல இருக்கற பாட்டில் எல்லாத்தையும் கொண்டாங்கன்னு சொல்லி மேஜை மேல வரிசையா வெச்சுப் படிச்சார். ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ எதுவுமே இல்ல. குர்குமின், அஸ்வகந்தா ரெண்டாலயும் கல்லீரல் பாதிக்கப்பட்டவங்க நிறையப் பேர் மருத்துவப் பதிவுல இருக்காங்கன்னார். ரசத்துல போடற மஞ்சள் வேறங்க. அதுல இருக்கற குர்குமின் ரொம்பக் கொஞ்சம், உடம்பும் அதைப் பெருசா எடுத்துக்காது. கேப்ஸ்யூல்ல செறிவாக்கி, உடம்புல ஏறணும்னே மிளகுச் சத்தையும் சேர்க்கறாங்க.

எல்லாத்தையும் நிறுத்தி மூணு மாசம் கழிச்சுத்தான் ரிப்போர்ட் நார்மலாச்சு. சேர்த்துவிட்டது நான்கறது இன்னும் உறுத்திட்டே இருக்குங்க.

மடிப்பாக்கம்

எனக்கு நல்லதே நடந்தது. அதையும் பதிவு செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு கடுமையான வயிற்றுப்போக்கு. அது நின்றும் வயிறு பழைய நிலைக்கு வரவேயில்லை. இரண்டு வருஷம். நான் பார்த்தவர் எம்.பி.பி.எஸ். முடித்து, பிறகு ஃபங்ஷனல் மெடிசின் படித்தவர். அவரும் லீக்கி கட் என்ற வார்த்தையைச் சொன்னார். ஆனால் சீலியாக், தைராய்டு, மலத்தில் அழற்சிக்கான சோதனை எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் சொன்னார். எடை குறைகிறதா, மலத்தில் ரத்தமா, ராத்திரி தூக்கத்தில் எழுந்து போக வேண்டி வருகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

ஒரு நோட்டில் தினமும் என்ன சாப்பிட்டேன் என்று எழுதினேன். குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் உள்ள உணவைக் குறைக்க மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த ஃபாட்மேப் முறைப்படி வெங்காயம், பூண்டு, ராஜ்மா, கோதுமையைச் சில வாரம் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தோம். எனக்கு வினை வெங்காயமும் பூண்டும்தான் என்று தெரிந்தது. குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தைக் கொடுக்கும்போது, அமெரிக்காவில் 106 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். தொற்றுக்குப் பின் ஐபிஎஸ் வந்து, குடல் கசிவும் சோதனையில் உறுதியானவர்களுக்கு அதில் நல்ல பலன் கிடைத்ததாம். "சின்ன ஆய்வு, உங்களுக்குப் பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது" என்றும் அவரே சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்தது ஐந்து நிமிஷமும் அமில மாத்திரையும். அங்கே இதே அரைமணி நேரம் கிடைத்திருந்தால் நான் ஏன் வெளியே தேடியிருக்கப் போகிறேன்?

டொரண்டோ லேப்

டாலஸ் அக்கா சொன்ன சிவப்புப் பட்டியல் பற்றி. நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பயந்து மெலிந்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் அளப்பது ஐஜிஜி என்ற ஒரு வகை ஆன்டிபாடியை. ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டால் அதற்கு ஐஜிஜி இருக்கத்தான் செய்யும். உடம்பு அந்த உணவுக்குப் பழகியிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. தினமும் சாப்பிடுகிறதெல்லாம் சிவப்பில் வந்த காரணம் இதுதான். ஐரோப்பிய ஒவ்வாமை அமைப்பு 2008-லும், கனடாவின் அமைப்பு 2012-லும் இந்தச் சோதனையை வைத்து உணவை விலக்கக்கூடாது என்று சொல்லிவிட்டன.

லீக்கி கட் இருக்கிறதா என்று பார்க்க விற்கிற சோனுலின் சோதனையும் அப்படித்தான். குடல் ஆராய்ச்சியாளர் அலெசியோ ஃபசானோவின் குழு 2000-ல் சோனுலினைப் பற்றி எழுதியது உண்மையான ஆராய்ச்சி. குடலின் பூட்டைத் திறக்கும் புரதம் அது. ஆனால் சந்தையில் விற்கும் கிட்கள் அந்தப் புரதத்தைத்தான் அளக்கின்றனவா என்று 2018-ல் ஆராய்ந்தவர்கள், அவை வேறு புரதங்களைப் பிடிக்கின்றன என்று கண்டார்கள். அதே பூட்டை இறுக்கிவைக்க சீலியாக்குக்கென்று வந்த லாராசோடைட் மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையும் 2022-ல் பலன் தெரியாமல் நிறுத்தப்பட்டது. நானும் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தவள்தான்.

வேலூர்க்காரர்

குடல் கசிவை நான் நேரில் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். குழந்தைகள் ஆய்வுக்காக வேலூரில் வீடு வீடாகப் போய் வேலை செய்தவன். மால்-எட் என்று எட்டு நாடுகளில் நடந்த ஆய்வு, இந்தியாவில் வேலூர்.

குழந்தைக்கு இரண்டு சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுப்போம். மேனிட்டால் சின்னது, செல்கள் வழியாகவே ரத்தத்துக்குள் போய்விடும். லேக்டுலோஸ் பெரியது. செல்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் நுழையும். ஐந்து மணி நேரம் சிறுநீரைச் சேர்த்து, இரண்டும் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒட்டுகிற பை ஒன்றைக் குழந்தைக்குக் கட்டிவிட்டு, தாயோடு நானும் வாசல்படியில் உட்கார்ந்திருப்பேன். குழந்தை உதைத்து உதைத்து பையைப் பிய்த்துவிடும். சேர்ந்ததெல்லாம் பாயில் கொட்டிப் போகும். தாய் முகம் வாடும், இன்னொரு நாள் வரலாம் அம்மா என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பேன்.

அந்த வாசல்படிக்கு ஒரு சாண் கீழேதான் திறந்த சாக்கடை. குழந்தை தவழ்வது அதன் ஓரத்தில். திரும்பத் திரும்ப உள்ளே போகிற கிருமிகளால் குடலுறிஞ்சிகள் தேய்ந்து, சுவர் தளர்ந்து, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் குழந்தை குட்டையாகவே நின்றுவிடும். வயிற்றுப்போக்கு இல்லாத குழந்தைக்கும் இது இருக்கும். இதற்கு இன்றுவரை ஒரு மாத்திரை கிடையாது. சாக்கடையை மூடி, நல்ல தண்ணீர் கொடுத்தால்கூட ஒரு தலைமுறை ஆகும். குடல் கசிவு என்ற பேரைக் கேட்டாலே எனக்கு அந்தக் குழந்தைகள்தான் கண்ணுக்குள் நிற்கிறார்கள். பேசுகிறவர்கள் அவர்களையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஈரோட்டுத் தங்கை

டாலஸ் அக்கா, எனக்கும் இதே உப்புசம், ரத்தசோகை. வர்ற திங்கட்கிழமையிலிருந்து கோதுமையும் பாலும் நிறுத்தச் சொல்லியிருக்காங்க. என்ன பண்றது?

டாலஸ்வாசி

நிறுத்தாதேம்மா, இப்போதைக்கு வேண்டாம். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு குடல் மருத்துவரைப் பார். சீலியாக்குக்கான டிடிஜி-ஐஜிஏ, கூடவே மொத்த ஐஜிஏ, இரண்டு சோதனைக்கும் ரத்தம் கொடு. மொத்த ஐஜிஏ குறைவாக இருந்தால் முதல் சோதனையை நம்ப முடியாது, அதனால் இரண்டும் வேண்டும். ரத்தசோகை எதனால் என்று தனியாகக் கேள், மாதவிடாய் அதிகமா என்பதையும் சொல். கோதுமையை எப்போது நிறுத்தலாம் என்று அவரே சொல்லட்டும். அதுவரைக்கும் காலை டிபனுக்கு ரவை உப்புமாவோ சப்பாத்தியோ வழக்கம்போல சாப்பிடு. ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுது, பார்த்துக்கொண்டே இருப்பேன்.