பிரஷர் இருக்கிறவங்க மூச்சை அடக்கிப் பழகலாமா?

சத்துவாச்சாரி பொண்ணு:
எங்கம்மாவுக்கு 61 வயசு, பிரஷர் மாத்திரை சாப்பிடுறாங்க. ஒரு மாசமா வேலூர் கோட்டை மைதானத்துல காலையில நடக்கிற மூச்சுப் பயிற்சிக்குப் போறாங்க. 16 எண்ணி இழு, 64 எண்ணி நிறுத்து, 32 எண்ணி விடுன்னு சொல்லித் தர்றாங்களாம். நேத்து உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை இருட்டிக்கிட்டு வந்திருக்கு. "நாடி சுத்தமாகுது, பயப்படாதீங்க"ன்னு அனுப்பிட்டாங்க. போகலாமா, நிறுத்திடலாமா?

பாகாயம் பெரியவர்:
நிறுத்தச் சொல்லாதேம்மா. அந்தக் கணக்கு திருமந்திரம் மூன்றாம் தந்திரத்துலயே இருக்கு. இழுக்கிற பூரகம் 16, அடக்குற கும்பகம் 64, விடுற ரேசகம் 32. கும்பகம் இல்லாம வெறுமனே இழுத்து விட்டா அது பிராணாயாமமே இல்லை. ராத்திரி 2 மணிக்கு முழிச்சா விடியுற வரைக்கும் கூரையைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தவன் நான். இன்னிக்குத் தூங்குறேன்னா இந்த மூச்சாலதான்.

காட்பாடி நர்ஸ்:
ஐயா, நூல்ல இருக்கிறதை நான் மறுக்கல. ஆனா யோகத்துல இயமம், நியமம்னு ஒழுக்கத்தையும், அப்புறம் ஆசனத்தையும் பழகினவங்களுக்கு நாலாவது படியா வர்றது பிராணாயாமம். ஒரு மாசத்துல 64 எண்ண வைக்கிறது எந்த முறை? மூச்சை இறுக்கிப் பிடிச்சா நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறும், இதயத்துக்குத் திரும்புற ரத்தம் குறையும், பிரஷர் ஏறி இறங்கும். கண்ணு இருட்டுறது எச்சரிக்கை. அதை "நாடி சுத்தி"ன்னு சொன்னதுதான் எனக்கு ஆத்திரமா வருது.

கபாலபாதி, பஸ்திரிகான்னு மூச்சை வேகமா ஊதுற பயிற்சிகளும் கஷ்டம்தான். கரியமில வாயு அளவுக்கு மேல வெளியே போய், மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கும். தலை சுத்தும், விரல் மரத்துப்போகும். பிரஷர், வலிப்பு, குடலிறக்கம் உள்ளவங்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடவே கூடாது.

ராணிப்பேட்டை டிரைவர்:
மூச்சு விட ஒரு வாத்தியாரா? இங்க லாரிப் புகைல முதல்ல காத்து இன்னா லட்சணத்துல கீதுன்னு பாருங்க. எனக்கு வீசிங். இன்ஹேலர்தான் காப்பாத்துது, மூக்கைப் புடிச்சுக்கினு உக்காந்தா காப்பாத்தாது.

காட்பாடி நர்ஸ்:
இன்ஹேலரை விடவே விடாதீங்கண்ணா. ஆனா மெதுவான மூச்சை ஒதுக்கவும் வேணாம். சும்மா இருக்கிறப்போ நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுறோம். அதை 6 ஆக்கினா, அதாவது 5 விநாடி இழுத்து 5 விநாடி விட்டா, இதயத் துடிப்பு நிதானமாகும், பதற்றம் தணியும். அடக்கவே தேவையில்லை.

பாகாயம் பெரியவர்:
அடக்காம பலன் பாதிதான்னு இப்பவும் சொல்வேன். ஆனா ஒண்ணு சொல்லணும். எங்க குரு எனக்கு முதல் ரெண்டு வருஷம் கும்பகம் தரவே இல்லை. அப்புறமும் 4-16-8லதான் ஆரம்பிச்சார்.

காட்பாடி நர்ஸ்:
நானும் அதைத்தானே ஐயா கேட்கிறேன்? உங்களுக்குக் கிடைச்ச ரெண்டு வருஷம் அந்தம்மாவுக்கு ஏன் கிடைக்கல?

பாகாயம் பெரியவர்:
நியாயம். சொல்லித் தந்தவர் அவசரப்பட்டுட்டார்.

சத்துவாச்சாரி பொண்ணு:
அம்மா விட மாட்டேங்கிறாங்க. அங்க நாலு பேர் சிநேகிதமாகிட்டாங்க, அதுக்கே முகம் தெளிஞ்சிருக்கு.

காட்பாடி நர்ஸ்:
போகட்டும் தங்கச்சி. எண்ணிக்கை வர்றப்போ அடக்காம இழுத்து விட்டுக்கிட்டே இருக்கட்டும். நாளைக்கே டாக்டர்கிட்ட பிரஷர் பார்த்து, கண்ணு இருட்டினதைச் சொல்லுங்க. மாத்திரையை நீங்களா குறைக்காதீங்க.

பாகாயம் பெரியவர்:
பார்த்துட்டு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாம்மா. ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசல்ல 6 மணிக்கு இருப்பேன். இடது மூக்குல இழுத்து வலதுல விடுறது, வலதுல இழுத்து இடதுல விடுறது. அது மட்டும் சொல்லித் தர்றேன், கும்பகம் இல்லாம.