ஜெனடிக் அல்காரிதம் போட்டேன், எஸ்11 சூப்பர், ஆனா கெயின் இல்ல

பேட்ச்_பையன்:
எம்.இ. ஃபைனல் இயர். 2.45 கிகாஹெர்ட்ஸ்க்கு சின்ன ஆன்டெனா, பேட்ச்சை (போர்டு மேல இருக்கற காப்பர் தகடு) 16×16 கட்டமா பிரிச்சு எந்த கட்டத்துல காப்பர் இருக்கணும் எதுல வேணாம்னு ஜெனடிக் அல்காரிதம் (ஜிஏ, பரிணாமம் மாதிரி நல்ல டிசைன்கள கலந்து தலைமுறை தலைமுறையா தேடுற முறை) முடிவு பண்ணும். மேட்லேப்ல இருந்து எச்எஃப்எஸ்எஸ்ஸ (ஆன்டெனா சிமுலேஷன் சாஃப்ட்வேர்) கூப்பிடுறேன், ஒரு ரன்னுக்கு 2 நிமிஷம். ராத்திரி பூரா ஓடவிட்டு காலைல பாத்தா எஸ்11 (ஆன்டெனால இருந்து திரும்பி வர்ற பவர், கம்மியா இருந்தா நல்லது) மைனஸ் 34 டிபி, குதிச்சிட்டேன், அப்புறம் கெயின் (ஒரு திசைல எவ்வளவு பவர் வெளிய போகுதுங்கிறது) பாத்தா மைனஸ் 6 😭 கைடு என்னடான்னா சாம்பல் ஓநாய் அல்காரிதம் (ஓநாய் கூட்டம் வேட்டையாடுறத காப்பியடிக்கிற தேடல் முறை) போடு, பேப்பர் போட்டுடலாம்ங்கிறாரு. மாத்தினா சரியாகுமா?

அலை_அண்ணாச்சி:
தம்பி, ஓநாய் விட்டாலும் திமிங்கலம் விட்டாலும் இதேதான். வண்டலூர் ஜூவையே கொண்டு வந்தாலும் காஸ்ட் ஃபங்ஷன் (எந்த டிசைன் நல்லதுன்னு மார்க் போடுற கணக்கு) தப்புன்னா தப்புதான். எஸ்11 மட்டும் வச்சிருக்கியா? எஸ்11 நல்லா இருந்தா பவர் திரும்பி வரலன்னுதான் அர்த்தம், வெளிய போச்சுன்னு இல்ல. ஒரு 50 ஓம் ரெசிஸ்டர மாட்டிப்பாரு, எஸ்11 பிரமாதமா வரும், அது ஆன்டெனாவா? எஃப்ஆர்4ல (சாதாரண சர்க்யூட் போர்டு மெட்டீரியல்) லாஸ் டான்ஜென்ட் (பவர எவ்வளவு சூடா தின்னுதுங்கிற அளவு) 0.02 கிட்ட, கரண்ட் மெல்லிசான காப்பர்ல சந்து பொந்தா சுத்தி போர்டுலயே சூடா போயிடுது. நீ கேட்டத அது கரெக்டா குடுத்துருக்கு. ரியலைஸ்டு கெயின காஸ்ட்ல வை, அதுல மிஸ்மேட்ச்சும் (திரும்பி வர்ற பவர் நஷ்டமும்) சேந்து வந்துடும். 2.40, 2.45, 2.48 மூணுலயும் பாத்து எது மோசமோ அதையே மார்க்கா எடு, இல்லன்னா ஒரே ஒரு புள்ளில ஊசி மாதிரி இறக்கி குடுத்துட்டு போயிடும்.

எஃப்எஸ்எஸ்_மீனா:
அண்ணா சொன்னதோட இதையும் பாருங்க. 2 நிமிஷம்னா 12 மணி நேரத்துல 360 ரன், ஒரு ஜெனரேஷனுக்கு (தலைமுறைக்கு) 30 டிசைன்னா 12 ஜெனரேஷன்தான். தேட வேண்டியது 2^256! நான் எஃப்எஸ்எஸ் (சில அலைவரிசைய மட்டும் விடுற காப்பர் பேட்டர்ன் பரப்பு) யூனிட் செல் (அதுல திரும்ப திரும்ப வர்ற ஒரு துண்டு) பண்ணப்ப எட்டு பக்க சிமெட்ரி வச்சேன், 256 பிட் 36 ஆயிடுச்சு, அப்பவும் 6,870 கோடி வருது, ஆனா பரவால்ல. உங்களுக்கு ஃபீடு (ஆன்டெனாக்கு பவர் குடுக்கற இணைப்பு) இருக்கதால பாதிக்கு பாதி கண்ணாடி சிமெட்ரிதான் முடியும். ஏற்கனவே ஓடின டிசைனோட ரிசல்ட்ட சேத்து வைங்க, கடைசி ஜெனரேஷன்கள்ல அதே ஆளுங்கதான் திரும்ப திரும்ப வருவாங்க.

இன்னொன்னு, மூலைக்கு மூலை மட்டும் தொடுற கட்டங்கள விடாதீங்க. சிமுலேஷன்ல ஒட்டிக்கிட்டு இருந்தது எட்சிங்ல (வேண்டாத காப்பர கரைக்கிறப்ப) பிஞ்சிடும். எனக்கு அப்படித்தான் மொத போர்டு போச்சு, லென்ஸ் வச்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது, ரெசனன்ஸ் (அது வேலை செய்ற அலைவரிசை) வேற எங்கயோ நிக்குது. இப்ப ஒவ்வொரு கட்டத்தையும் 0.1 மிமீ பெருசாக்கி ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி வரையுறேன்.

கம்பி_ராஜா:
ஆமா, இருக்கு இல்லன்னு பிட்டா வர்றதுக்கு ஜிஏ சரிதான், நீளம் அகலம் மாதிரி நம்பர்னா பிஎஸ்ஓ (பறவைக் கூட்டம் மாதிரி தேடுற அல்காரிதம்) ஈசி. கைடுக்கு காட்ட நாசாவோட எஸ்டி5 எடுத்துக்கோங்க, 2006 மார்ச்ல மூணு குட்டி சாட்டிலைட் போச்சே, அதுல பரிணாம அல்காரிதம் டிசைன் பண்ண ஆன்டெனா பேப்பர் கிளிப்ப யாரோ கோவத்துல முறுக்கி போட்ட மாதிரி இருக்கும். நடுவுல ஆர்பிட் மாறினதும் வேற பேட்டர்ன் (சிக்னல் பரவுற வடிவம்) தேவைப்பட்டுச்சு, புதுசா எந்த பூச்சியையும் தேடாம ஃபிட்னஸ (மார்க் போடுற கணக்க) மாத்தி திரும்ப ஓட்டி வேற டிசைன் எடுத்தாங்க.

பேட்ச்_பையன்:
நன்றி எல்லாருக்கும் 🙏 ரியலைஸ்டு கெயின் வச்சு ஓடுது, நாலாவது ஜெனரேஷன்லயே ப்ளஸ்ல வந்துடுச்சு. ஓநாய் வேணாம்னு கைடுகிட்ட எப்படி சொல்றதுன்னு மட்டும் யாராச்சும் சொல்லுங்க.