1.5 டெஸ்லாவும் 3 டெஸ்லாவும்: ஹிப்போகாம்பஸ் அளவு ஒத்துப்போகவில்லை

குடமுருட்டி:
எங்களிடம் இரண்டு எம்.ஆர்.ஐ. மெஷின்கள்: கும்பகோணத்தில் 1.5 டெஸ்லா, தஞ்சாவூரில் 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப் புல வலிமையின் அலகு). ஒரே ஆளின் ஹிப்போகாம்பஸ் (மூளையில் நினைவுக்கான பகுதி) கன அளவு இரண்டிலும் 5 சதவீதம் விலகுகிறது. மறதி நோயாளிகளை வருடக்கணக்கில் தொடர வேண்டும். என்ன வழி?

வெண்ணாறு:
சார், அல்சைமரில் ஹிப்போகாம்பஸ் சுருங்குவதே ஆண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 5 சதவீதம்தான். மெஷின் மாறினால் சுருக்கம் நோயாலா மெஷினாலா என்று பிரிக்க முடியாது. முதல் ஸ்கேன் எடுத்த மெஷினிலேயே அடுத்ததும் எடுங்கள்: முப்பரிமாண டி1 (மூளை அமைப்பைத் தெளிவாகக் காட்டும் பட வகை), 1 மி.மீ. வோக்ஸல் (படத்தின் மிகச் சிறிய கனத் துண்டு), அதே ஹெட் காயில் (தலையைச் சுற்றி வைக்கும் சிக்னல் வாங்கி). நேரம் மிச்சம் என்று யாராவது ஸ்லைஸைத் தடிமனாக்கினால் அந்தப் படம் அளவெடுக்க உதவாது.

அரசலாறு:
பட வளைவைத் திருத்தும் டிஸ்டார்ஷன் கரெக்‌ஷனையும் பாருங்கள். நடுவிலிருந்து விலக விலக கிரேடியன்ட் (இடத்தைக் குறிக்க உதவும் காந்தப் புல ஏற்றம்) நேர்கோட்டில் இருக்காது, படம் ஓரத்தில் வளையும். சீமென்ஸ் மெஷின் என்றால் டைகாம் ஹெடரில் (படக் கோப்போடு வரும் விவரக் குறிப்பு) இமேஜ் டைப் வரியில் ‘டிஐஎஸ்3டி’ இருக்க வேண்டும். ‘என்டி’ என்றால் திருத்தாத படம். இரண்டையும் கலந்து ஒப்பிடவே கூடாது.

குடமுருட்டி:
பழைய படங்கள் நிறைய இருக்கின்றன. காம்பேட் (மெஷின்களுக்கிடையிலான விலகலைக் கணக்கில் நீக்கும் புள்ளியியல் முறை) போட்டால் சரியாகுமா?

வெண்ணாறு:
ஓரளவு. ஆனால் நோயாளிகள் எல்லாரும் தஞ்சாவூரிலும் நோயில்லாதவர்கள் எல்லாரும் கும்பகோணத்திலும் எடுத்திருந்தால், அது நோயின் விளைவையும் சேர்த்துத் துடைத்துவிடும். இரண்டு இடத்திலும் இரு தரப்பும், எல்லா வயதும் வேண்டும். நோயில்லாத சிலரைச் சில வாரங்களுக்குள் இரண்டு மெஷினிலும் எடுத்து வைத்தால் விலகலை நேரடியாகவே அளக்கலாம்.

அரசலாறு:
மூளைப் பகுதிகளை அளக்கும் மென்பொருளான ஃப்ரீசர்ஃபரின் பதிப்பு மாறினாலும் அளவு மாறும். பழையதையும் புதியதையும் ஒரே பதிப்பில் மறுபடி ஓட்டுங்கள்.