சென்னிமலை ஒறம்பரை குரூப்

பெரியப்பா: கார்த்தி கண்ணு, மண்டியில புது மானிட்டர் வாங்கிப் போட்டாங்க. எழுத்தெல்லாம் மசமசன்னு இருக்குது. 3 எது 8 எதுன்னே வெளங்கல. விரலி மஞ்சள் பில்லுல ஒரு எண்ணு மாறுனா ஊரே கூடிப் பேசும்.

பெரியப்பா: [படம்]

கோமதி அத்தை: அண்ணா, கண்ணாடிப் பவர் ஏறியிருக்கும். டாக்டரைப் பாருங்.

பெரியப்பா: பழைய பெட்டியில நல்லாத்தான் தெரிஞ்சுது அம்மிணி. செல்லுலயும் பளிச்சுனுதான் இருக்குது.

கார்த்தி: அப்பக் கண்ணு மேல தப்பில்லீங் பெரியப்பா. மானிட்டர் பின்னாடி சொருகியிருக்கறது ரெண்டு பக்கமும் திருகு வெச்ச நீலத்தலை வயருங்களா, சின்னதா தட்டையா இருக்கறதுங்களா?

பெரியப்பா: தட்டை.

கார்த்தி: நல்லது, அப்ப வயர் மேல தப்பில்லீங். டெஸ்க்டாப்புல ரைட் கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ். ரெசல்யூஷன்ல என்ன போட்டிருக்குதுங்?

பெரியப்பா: 1366 × 768. மேல 1920 × 1080 பக்கத்துல ரெக்கமண்டட்னு இருக்குது.

கார்த்தி: அதுதானுங்க சங்கதி. மானிட்டர்ல அகலவாக்குல ஒரு வரிசைக்கு இருக்கற புள்ளி 1920. கம்ப்யூட்டர் அனுப்பறது 1366. ஒரு புள்ளியை 1.4 புள்ளியா இழுத்து விரிக்கோணும். அரைகொறைப் புள்ளின்னு ஒன்னு இல்லீங்களே, பக்கத்துப் புள்ளி மேல வழியுது. ரெக்கமண்டட்டை அமுக்குங்க மொதல்ல.

பெரியப்பா: ஓரம் தெளிஞ்சுருச்சு. எழுத்து பொடிசாப் போச்சே!

கார்த்தி: அதே பக்கத்துல ஸ்கேல்னு இருக்கும். 125% வைங்க. பெருசு வேணும்னு ரெசல்யூஷனை மட்டும் மறுக்கா கொறைச்சுராதீங்.

கார்த்தி: பொறவு கீழ தேடற எடத்துல இங்கிலீசுல கிளியர்டைப்னு அடிங்க, எழுத்தைத் தெளிவாக்கற வசதி அது. அட்ஜஸ்ட் கிளியர்டைப் டெக்ஸ்ட்னு வரும். தொறந்து டிக் போட்டு நெக்ஸ்ட். ஒரே வாக்கியத்தைப் பல கட்டத்துல காட்டும். உங்க கண்ணுக்கு எது சொகமோ அதைத் தொடுங்க. இதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது, போட்டோ எடுத்து அனுப்புனாலும் தெரியாது.

சரவணன் மாமா: அது என்னடா மாப்ள பண்ணுது உள்ள?

கார்த்தி: ஒவ்வொரு புள்ளியும் ஒத்தைப் புள்ளி இல்லீங் மாமா. செகப்பு, பச்சை, நீலம்னு மூணு சின்னக் கீத்து நெட்டுக்குத்தலா நிக்குது. மூணும் சேந்து எரிஞ்சா வெள்ளை. சாதாரணமா எழுத்து புள்ளிக்குப் புள்ளி படிக்கட்டாட்டம் ஏறும். கிளியர்டைப் அந்தக் கீத்துகளைத் தனித்தனியாப் புடிச்சு அணைக்குது. அகலவாக்குல மூணு மடங்கு நுணுக்கம் கெடைச்ச மாதிரி.

சரவணன் மாமா: தறிப் பாவுல மூணு கலர் நூலை அடுத்தடுத்து ஓட்டுனா தூரத்துக்கு ஒரே கலராத் தெரியுமே, அதாட்டமா?

கார்த்தி: அதேதானுங்! நூல் கலரு கிட்டத்துல தெரியற மாதிரி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெருசாக்குனா கறுப்பு எழுத்தோட இடது ஓரம் செம்மஞ்சளா, வலது ஓரம் நீலமா இருக்கும். சில பேரு கண்ணுக்கு அந்தக் கலர் உறுத்தும். அவங்க டிக்கை எடுத்துரலாம்.

அனு: அண்ணா, ஆபீஸ்ல நான் மானிட்டரை நட்டமா நிறுத்தி வெச்சிருக்கேன். நீ சொன்னது அதுல?

கார்த்தி: நெட்டுப் பாவு குறுக்கு ஊடையாயிருச்சு பாப்பா. கீத்தெல்லாம் படுத்துக்கும், அகலவாக்குல லாபம் கெடைக்காது. செல OLED திரையிலயும் கீத்து வரிசையே வேற, அதனால கலர் ஓரம் தெரியும்.

அனு: நம்மளது மேக்.

கார்த்தி: 2018ல வந்த மொஹாவிங்கற மேக் சிஸ்டத்துலிருந்து ஆப்பிள் இந்தக் கலர் வித்தையை விட்டுருச்சு. வெறும் சாம்பல் சாயல்தான். அவங்க லேப்டாப் திரையில புள்ளி நெருக்கம், அதுக்குப் போதும். அதையே பழைய மானிட்டர்ல சொருகிப் பாரு, எழுத்து மங்கும்.

சரவணன் மாமா: இந்தக் கிளியர்டைப் புதுசா வந்ததா?

கார்த்தி: மைக்ரோசாஃப்ட் 1998லயே அறிவிச்சது. விண்டோஸ் எக்ஸ்பியில இருந்துச்சு, நாமதான் போட்டுக்கோணும். விஸ்டாவுல இருந்துதான் தானா வருது.

பெரியப்பா: ரெண்டாவது கட்டம் பரவால்ல. பில்லு சாஃப்ட்வேர்ல மட்டும் இன்னும் கொஞ்சம் மங்கல்.

கார்த்தி: பழைய சாஃப்ட்வேருங் அது, ஸ்கேலுக்குப் பழகாதது. அந்த ஐகான்ல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. அதுல ஹை டிபிஐ செட்டிங்ஸ்னு இருக்கும். சாயங்காலம் போன் போடுங்க, ஒவ்வொன்னாச் சொல்றேன்.

கோமதி அத்தை: அண்ணா, டாக்டருகிட்ட டோக்கன் போட்டாச்சு. சனிக்கிழமை போய்த்தான் ஆகோணும்.

பெரியப்பா: சரி அம்மிணி.