வீட்டு வைஃபை ரூட்டருக்குள் யாரோ நுழைந்திருப்பதாக ஐயம்: பாஸ்வேர்டை மாற்றியும் தீரவில்லை

அல்சூர்வாசி:
வணக்கம். பெங்களூரு அல்சூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மாடியில் இளைஞர்கள் தங்கும் விடுதி. ஒரு வாரமாக வங்கித் தளத்தைத் திறந்தால் பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை (தளம் உண்மையானதுதானா என்று உறுதியில்லை என்பது) காட்டுகிறது. மொபைல் டேட்டாவில் திறந்தால் அது வருவதில்லை. எங்களிடம் நான்கு கருவிகளே இருக்க, ரூட்டரின் பக்கத்தில் ஒன்பது இணைந்திருப்பதாகத் தெரிகிறது. இணைப்புக் கொடுக்க வந்தவர் வைத்துவிட்டுப் போன அட்மின் பாஸ்வேர்டை (ரூட்டரின் அமைப்புகளைத் திறப்பது) நான் இதுவரை மாற்றியதே இல்லை. நேற்று வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன், எச்சரிக்கை நிற்கவில்லை. மாடிக்காரர்களிடம் பேசுவதா, வேண்டாமா?

மல்லேஸ்வரத்தார்:
மாடிக்குப் போகாதீர்கள். இணையத்திலிருந்தே அட்மின் பக்கத்தைத் திறக்க முடிகிற ரூட்டர்களைத் தேடி, பழைய பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படி நுழைந்தவருக்கு உங்கள் வைஃபை பாஸ்வேர்டு தேவையே இல்லை. அட்மின் பக்கத்தில் டிஎன்எஸ் முகவரியை, அதாவது தளத்தின் பெயருக்கு உரிய எண்ணைச் சொல்லும் சர்வரின் முகவரியைப் பாருங்கள், வான் (வெளி இணைய இணைப்பு) பகுதியிலும் டிஎச்சிபி (வீட்டுக் கருவிகளுக்கு முகவரி தருவது) பகுதியிலும். உங்கள் நிறுவனம் தந்ததாகவோ 8.8.8.8, 1.1.1.1 போன்றதாகவோ இல்லாமல் வேறு எண் இருந்தால், வங்கியின் பெயரைக் கேட்கும் உங்கள் பிரவுசர் போலித் தளத்துக்கு அனுப்பப்படலாம். போலித் தளத்தால் சரியான சான்றிதழைக் காட்ட இயலாததால்தான் அந்த எச்சரிக்கை. அதை மீறி உள்ளே சென்றீர்களா என்பதே என் கவலை.

கோரமங்கலா வலைஞர்:
ஒன்பது என்ற எண்ணிக்கையைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து கைபேசிகள் உண்மையான மேக் முகவரிக்கு (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) பதிலாகத் தற்போக்கான ஒன்றைக் காட்டுகின்றன. போதாக்குறைக்கு, எப்போதோ விலகிப்போன கருவிகளையும் பல ரூட்டர்கள் பட்டியலில் வைத்திருக்கும். குறிப்பிட்ட மேக் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் மேக் வடிகட்டியும் வேண்டாம். அந்த முகவரி காற்றில் மறைக்கப்படாமலே செல்வதால் எவரும் நகலெடுக்கலாம்.

அல்சூர்வாசி:
மிக்க நன்றி. டிஎச்சிபி பகுதியில் நான் அறியாத எண் ஒன்று இருந்தது. பட்டியலில் இரண்டு பதிவுகள் மனைவியின் பழைய கைபேசியுடையவை. ஒன்று டிவி பெட்டி. வங்கித் தளத்தில் யாரும் எதையும் உள்ளிடவில்லை, ஆனால் அப்பா எச்சரிக்கையைத் தாண்டிச் சென்று மின்னஞ்சல் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டாராம். ரூட்டரை அணைத்துப் போட்டால் போதுமா?

மல்லேஸ்வரத்தார்:
போதாது. 2018இல் 54 நாடுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளைப் பீடித்த விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரலின் முதற்பகுதி, அணைத்துப் போட்ட பிறகும் அழியாமல் இருந்தது. ரூட்டரை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் முழு ரீசெட் தேவை. அப்பாவின் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மொபைல் டேட்டாவில் இப்போதே மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பையும் போடுங்கள். ரூட்டர் அதற்குப் பிறகுதான்.

ரீசெட்டுக்கு முன் நிறுவனத்தை அழைத்து, இணைப்பை மீண்டும் அமைக்கத் தேவையான பிபிபிஓஇ (இணைப்பில் நுழையும் முறை) பெயர், பாஸ்வேர்டு, விலான் எண் (நிறுவனத்தின் வலையில் உங்கள் இணைப்புக்கான பிரிவு எண்) மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் ஒரு சனிக்கிழமை மாலையில் ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டு, திங்கட்கிழமை வரை இணையமின்றி இருந்தவன் நான். ஃபைபர் கம்பியைக் கழற்றிவிட்டு ரீசெட் செய்யுங்கள். பின்னர் மடிக்கணினியை லேன் கம்பியால் இணைத்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, தொலைநிலை நிர்வாகத்தையும் (வெளியிலிருந்து அட்மின் பக்கத்தைத் திறப்பது) யுபிஎன்பி (கருவிகள் தாமே ரூட்டரில் வழி திறப்பது), டபிள்யூபிஎஸ் (பொத்தானாலோ எண்ணாலோ வைஃபையில் எளிதாக இணைவது) இரண்டையும் நிறுத்திய பிறகே ஃபைபரைச் செருகி, ரூட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள்.

கோரமங்கலா வலைஞர்:
டபிள்யூபிஎஸ் பற்றி ஒரு சொல். அதன் பின் (PIN) எண் எட்டு இலக்கமானாலும் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. மீதியையும் ரூட்டர் இரு பாதிகளாகச் சோதிப்பதால் அதைக் கண்டுபிடிக்க 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011இலேயே வெளியானது. வைஃபை பாதுகாப்பு முறைகளில் புதிதான டபிள்யூபிஏ3 இல்லாவிட்டால் ஏஇஎஸ் (மறையாக்க முறை) கொண்ட டபிள்யூபிஏ2வே போதும், ஆனால் பாஸ்வேர்டு நீளமாக இருக்க வேண்டும்: 63 எழுத்து வரை இடமுண்டு, தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துவிடுங்கள். ஃபர்ம்வேர் வெளிவருவது நின்றுபோன மாடல் என்றால் மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் புதிது வாங்கிவிடுங்கள், பழையதில் உழைப்பைப் போடாதீர்கள். பணம் ஏதும் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.

அல்சூர்வாசி:
அப்பாவின் மின்னஞ்சலைக் காப்பாற்றியாயிற்று. பணம் எதுவும் போகவில்லை. விலான் எண்ணை நாளை காலை சொல்வதாக நிறுவனத்தார் கூறியிருக்கிறார்கள். அதுவரை ரூட்டர் அணைந்தே இருக்கும். வீட்டில் எல்லோரும் என் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில்தான்.