மூன்று பனியன்

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ரேடியேஷன் முடிந்து ஒன்றேகால் வருஷம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லியூப்ரோலைடு என்ற ஹார்மோன் ஊசி மட்டும் தொடர்கிறது. இந்தப் புற்றுநோயைக் கண்காணிக்கும் ரத்தப் பரிசோதனையான பிஎஸ்ஏ 0.1-க்குக் கீழே. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து "சூப்பர் சார்" என்பார். தூக்கத்தைப் பற்றி அவர் கேட்டதில்லை, நானும் வாய் திறந்ததில்லை. புற்றுநோயே அடங்கிவிட்ட பிறகு இதற்கெல்லாம் புலம்புவதா என்று ஒரு கூச்சம்.

ராத்திரி ஒரு மணி வாக்கில் நெஞ்சிலிருந்து சூடு கிளம்பும். கழுத்து, முகம், உச்சந்தலை வரை ஏறி, பனியன் தொப்பலாகிவிடும். ஃபேன் காற்று பட்டதும் நடுங்கும். கட்டிலோரம் நாற்காலியில் மூன்று பனியன் மடித்து வைத்திருப்பேன். விடிவதற்குள் மூன்றும் கொடியில் தொங்கும். ஊசி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அடக்கிவிடுவதால், உடம்புச் சூட்டைக் கவனிக்கும் மூளைப் பகுதி தடுமாறுகிறதாம். மாதவிலக்கு நிற்கும் சமயத்தில் என் மனைவி பட்டதும் இதேதான். "இப்பத் தெரியுதா?" என்றாள். நியாயம்தானே!

போதாததற்கு நாலு முறை பாத்ரூம். ரேடியேஷனில் சிறுநீர்ப்பை கெட்டுவிட்டது என்றே நினைத்திருந்தேன். யூராலஜி டாக்டர் மூன்று நாள் அளந்து எழுதி வரச் சொன்னார். பிளாஸ்டிக் குவளையில் அளந்தால், ஒரு நாளைக்கு 1,900 மில்லியில் 850 ராத்திரியில் மட்டும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பையை மட்டும் குறை சொல்ல முடியாது என்றார். பகலெல்லாம் காலில் தேங்கும் நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீராக வருகிறது. சாக்ஸ் தடம் கணுக்காலில் பள்ளமாகப் பதிவதை நான் கவனித்தும் யோசிக்கவில்லை. இப்போது சாயங்காலம் ஒரு மணி நேரம், தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துத்தான் டிவி. நாலு, இரண்டாகிவிட்டது.

பதில்:
எனக்கு இதே நோய்க்கு அபிராடிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை, கூடவே பிரட்னிசோலோன் 5 மில்லிகிராம், காலை ஒன்று ராத்திரி ஒன்று. மூன்று மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருப்பேன். பிரட்னிசோலோன் ஸ்டீராய்டு, தூக்கத்தை விரட்டும் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டரிடம் கேட்டதும் இரண்டாவதை மதியச் சாப்பாட்டோடு மாற்றிக் கொடுத்தார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து.

பதில்:
அப்பாவுக்காக எழுதுகிறேன். தெரிந்தவர் சொன்னார் என்று தூக்கத்துக்கு அல்பிரசோலம் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் பாத்ரூம் போகிற தூக்கக் கலக்கத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஹார்மோன் ஊசி எலும்பையும் மெலியவைக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இப்போது மாத்திரை இல்லை. தூக்கம் வந்தால்தான் கட்டில், எப்படித் தூங்கினாலும் ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். சுவர்க் கடிகாரத்தையும் கழற்றிவிட்டோம், மணி பார்த்துப் பார்த்தே விழித்திருந்தார். பரவாயில்லை. பிஎஸ்ஏ ரத்தம் கொடுக்கும் வாரம் மட்டும் எதுவும் எடுபடுவதில்லை, எங்களுக்கும்தான்.

முதலில் எழுதியவர்:
அந்த வாரம் இங்கேயும் அப்படித்தான் அம்மா. அடுத்த ஊசி 14-ஆம் தேதி. இந்த முறை பனியன் கணக்கையும் எழுதி எடுத்துப் போகிறேன்.