தவில் தனியும் ஜாமும் ஒன்றா?

கொக்குவில் கிற்றார்: ஜாம் என்றால் பாணுக்குப் பூசுவது மட்டும்தானாம், இசையில் ஜாம், அதாவது ஒத்திகையில்லாமல் கூடி வாசிப்பது, வேலையற்றவர்களின் கூத்தாம். நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, 1940களில் நியூயோர்க் ஹார்லெமில், மின்டன்ஸ் பிளேஹவுஸில், தெலோனியஸ் மங்க்கும் டிஸி கிலெஸ்பியும் இரவிரவாக ஜாம் பண்ணித்தான் பீபொப் என்ற ஜாஸ் பாணி வளர்ந்தது. எங்கள் கோயில் திருவிழாவில், தவில் மட்டும் வாசிக்கும் தனியில், இரண்டு ஊர்த் தவில்கள் ஒத்திகையில்லாமல் மோதுகின்றனவே, அதுவும் ஜாம்தான்.

இணுவிலான்: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லப் பயமோ? தவிலை ஜாம் என்று சொல்ல எப்படி மனம் வந்தது? ஆதி தாளத்துக்கு 8 அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. மோரா, கோர்வை என்று முடிப்பில் வரும் தாளக் கோப்புகள் எல்லாம் கணக்கு. கடைசியில் சரியாக இடத்தில் வந்து விழவேண்டும். ஒத்திகை இல்லையாம்! சின்ன வயதிலிருந்து செய்யும் சாதகம் என்னவாம்?

கொக்குவில் கிற்றார்: சாதகம் வேறு, ஒத்திகை வேறு. ஜாஸ்காரரும் 12 பார் புளூஸ், அதாவது 12 தாளப் பகுதி கொண்ட சுற்று, அந்தக் கணக்குக்குள்தான் வாசிக்கிறார்கள்.

இணுவிலான்: ஒத்திகை இல்லை என்று எழுதினீர்களா இல்லையா?

விளாம்பழம்: ஜாமைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழச்சதையோடு சீனி போட்டுக் காய்ச்சினால் ஜாம், வடித்த சாற்றில் காய்ச்சினால் ஜெலி. விளாம்பழத்தில் பெக்டின் என்ற பசைப்பொருள் தாராளம், தானாகவே இறுகும். கடையில் ஜாம் என்று விற்கிற சிவப்புக் களியை யாரும் கேட்பதில்லை.

இணுவிலான்: தம்பி, குசினிக்குப் போங்கோ. தவில் மேதை தட்சிணாமூர்த்தி எங்கள் ஊர். அவர் தவிலைக் கேட்டவர்கள் ஜாம் என்று சொல்ல மாட்டார்கள்.

அளவெட்டிப் பெடியன்: உங்கள் ஊரோ? அளவெட்டி தட்சிணாமூர்த்தி என்றுதான் உலகம் சொல்கிறது.

இணுவிலான்: உலகம் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி என்றும் சொல்கிறது. அவர் 1975இல் காலமாகிவிட்டார், நீர் பிறந்தீரோ அப்போது? போன வருடம் நல்லூர்த் திருவிழா விவாதத்திலும் இப்படித்தான் இடையில் வந்து குழப்பினீர்.

அளவெட்டிப் பெடியன்: குழப்பியது நீங்கள். பதில் சொல்ல முடியாமல் மூன்று நாள் காணாமல் போனதும் நீங்கள்.

கொக்குவில் கிற்றார்: நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. இரண்டு ஊர்த் தவில்காரர் முதல்நாள் எங்கே கூடி ஒத்திகை பார்த்தார்கள்?

இணுவிலான்: ஒத்திகை இல்லை என்று எழுதியது நீங்கள், நிரூபிக்க வேண்டியதும் நீங்கள். முதலில் ஒரு தனி முழுக்க இருந்து கேட்டிருக்கிறீர்களா? கிற்றாருக்குச் சுருதி சேர்க்கவே அரை மணித்தியாலம் எடுக்கிற ஆட்கள்.

விளாம்பழம்: அப்ப ஜெலியை ஜாம் என்று விற்கலாமோ?